லயத்துக்கு வந்த சுகாதார போதனை

1916 ஆம் ஆண்டில், ஐரோப்பாக் கண்டம் மகாயுத்தத்தின் அக்கினியில் வெந்துகொண்டிருந்த வேளையில், இலங்கையின் மாத்தளைத் தோட்டப் பிரதேசத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குப் புதியதொரு வகை மனிதர்கள் வரத் தொடங்கினார்கள். கணக்கப்பிள்ளையைப் போல வேலை வாங்கவோ, கங்காணியைப் போலக் கடனை நினைவூட்டவோ வராத அவர்கள், காம்பராவுக்குக் காம்பரா ஏறி இறங்கி ஆட்களின் பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு தகரப் பெட்டியைக் கொடுத்து, மறுநாட் காலையில் மலத்திற் சிறிதளவை அதிலிட்டுத் தரும்படி கேட்டார்கள். அதை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். கண்ட கிருமியைப் படங்களாகக் காட்டி, அது உடலுக்குள் புகும் வழியையும் அதைத் தடுக்கும் வழியையும் பிரசங்கம் செய்தார்கள். அமெரிக்காவின் ரொக்பெல்லர் தர்ம ஸ்தாபனம் இலங்கையில் நடத்திய கொளுக்கிப் புழு ஒழிப்பு இயக்கம் முதன்முதலாக அடியெடுத்து வைத்த இடம் மாத்தளையே.

இக்காலத்தில் கைத்தொலைபேசி வாயிலாகவும் இணையத்தின் வாயிலாகவும் உணவுப் பழக்கத்தைத் திருத்துவதற்கும் தேகாப்பியாசத்தைத் தூண்டுவதற்கும் ஆலோசனை வழங்கும் முறையொன்று உலகெங்கும் பரவி வருகிறது. அது மலைநாட்டுக்கும் வந்துகொண்டிருக்கிறது. முன்பின் அறியாத ஒருவர் தூரத்திலிருந்து சொல்லும் புத்திமதி, ஒரு குடும்பத்தின் அடுப்பங்கரையையும் அன்றாட நடையையும் மாற்றிவிடுமா என்ற கேள்வி இதனால் எழுகிறது. அந்தக் கேள்விக்கு மாத்தளை நூறு வருஷங்களுக்கு முன்னரே பெரும் விலை கொடுத்து ஒரு விடையைப் பெற்றது. அந்த விடை மறக்கப்பட்டுப் போனமையாலேயே இந்த வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல நேர்கிறது.

மாத்தளைக்கு வந்துசேர்ந்த தமிழ்த் தொழிலாளரின் சரீரம் எத்தகைய சோதனைகளைக் கடந்து வந்தது என்பதை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். கண்டிச் சீமையிற் கோப்பிப் பயிர் பெருகியபோது, திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டை முதலான பிரதேசங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் விரட்டப்பட்ட ஜனங்கள், கடலைத் தோணியிற் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து வன்னிக் காட்டினூடாக ஏறத்தாழ நூற்றைம்பது மைல் தூரத்தைக் கால்நடையாகவே கடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளையை அடைந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் அம்மையும் அவர்களோடு கூடவே நடந்தன. 1841 க்கும் 1849 க்கும் இடைப்பட்ட காலத்தில் மாத்திரம் எழுபதினாயிரம் பேர் வரையில் மாண்டிருக்கக்கூடும் என்று அக்காலத்துக் கொழும்புப் பத்திரிகையொன்று 1849 இல் கணித்தது. கணக்கு ஏறக்குறையவாக இருக்கலாம். ஆயினும் வடபாதையின் இருமருங்கிலும் பெயரில்லாத புதைகுழிகள் நிறைந்திருந்தன என்பதில் ஐயமில்லை. அந்தப் பாதை மலைநாட்டைத் தொடும் வாயிலில், மழைக்கும் அம்மைக்கும் அதிதேவதையாகிய முத்துமாரியம்மனுக்கு மாத்தளையிற் கோயில் எழுந்ததும், மாசி மகத்து ரதோற்சவம் மலைநாட்டுத் தமிழர் அனைவருக்கும் பொதுவான விழாவாக வளர்ந்ததும் தற்செயலாக நிகழ்ந்தவை என்று நான் கருதவில்லை. உயிரோடு வந்துசேர்ந்தவர்கள் நன்றி செலுத்தவேண்டிய முதற் சந்நிதி அங்கேதான் இருந்தது.

வந்துசேர்ந்தவர்களின் ஆரோக்கியத்தைப் பற்றி அரசாங்கம் அக்கறை கொள்ளத் தொடங்கியது மெல்ல மெல்லத்தான். 1872 இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென ஒரு சட்டம் பிறந்தது. கோப்பியைப் பூஞ்சண நோய் அழித்து, அதன் இடத்தைத் தேயிலையும், மாத்தளையின் தாழ்ந்த சரிவுகளிற் கொக்கோவும் இறப்பரும் பிடித்துக்கொண்ட பின்னர், 1912 இல் அச்சட்டங்கள் திருத்தி விரிக்கப்பட்டன. தோட்டத்துக்கொரு மருந்துச்சாலை, அதில் ஒரு டிஸ்பென்சர், பிரதேசத்துக்கொரு வைத்தியசாலை என்ற அமைப்பு இவ்வாறு உருவாயிற்று. நோய் வந்தபின் மருந்து கொடுப்பதே அந்த அமைப்பின் எல்லை. நோய் வராதபடி வாழும் விதத்தை எவரும் எவருக்கும் கற்பிக்கவில்லை.

உணவு விஷயத்தில் நிகழ்ந்த மாற்றம் இதனினும் ஆழமானது. தமிழ்நாட்டின் வறண்ட தாலுகாக்களிலிருந்து வந்தவர்களிற் பெரும்பாலோர், ஊரில் இருந்தவரையிற் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் சோளச் சோறும் உண்டு வளர்ந்தவர்கள். நெல்லுச் சோறு அவர்களுக்குப் பண்டிகை நாட்களின் பாக்கியம். தோட்டத்திலோ நிலைமை தலைகீழாயிற்று. கப்பலில் வந்திறங்கும் பர்மா அரிசியையும் இந்திய அரிசியையும் தோட்டமே வாங்கி, அளந்து கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. 1927 ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் சட்டம் குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயித்தபோதும், தோட்டம் வழங்கும் அரிசி அந்தச் சம்பளக் கணக்கின் ஓர் அங்கமாகவே எண்ணப்பட்டது. ஆகவே, என்ன உண்பது என்பதை வீட்டுக்காரி தீர்மானிக்கவில்லை. தோட்டத்துக் களஞ்சியம் தீர்மானித்தது. காய்கறிக்குத் துண்டு நிலமும், பாலுக்கு ஒரு மாடும் வைத்துக்கொள்ளத் துரை இடங்கொடுத்த தோட்டங்களிற் பிள்ளைகள் ஓரளவு தேறினார்கள்; இடங்கொடாத தோட்டங்களிற் சோறும் ரசமும் கருவாட்டுத் துண்டுமே மூன்று வேளைக்கும் கதியாயின.

இந்த நிலையில் இருந்த ஜனங்களிடையேதான் கொளுக்கிப் புழு குடிகொண்டிருந்தது. அது செய்யும் தீங்கு வெளிப்படையாகத் தோன்றாது. புழுவின் முட்டை மலத்தோடு ஈரமண்ணில் விழுந்து, சில தினங்களிற் குஞ்சாகி, செருப்பில்லாத பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே நுழைகிறது. இரத்தத்தோடு கலந்து, நுரையீரலைக் கடந்து, தொண்டை வழியே இறங்கி, சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு வருஷக்கணக்கில் இரத்தத்தை உறிஞ்சுகிறது. தொழிலாளி ஒரே நாளில் விழுந்துவிடுவதில்லை. முகம் வெளுக்கிறது, கால் வீங்குகிறது, மலையேறினால் மூச்சு வாங்குகிறது, பிள்ளைத்தாய்ச்சி பிரசவத்தைத் தாங்காமற் போகிறாள். இப்படிச் சோர்ந்தவரைச் சோம்பேறி என்று பெயரிட்டு, அரைநாட் கூலிக்கான அரைப்பேர் போட்ட துரைமாரும் கணக்கப்பிள்ளைமாரும் எத்தனை பேர் இருந்திருப்பர் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

அமெரிக்காவின் தென் மாகாணங்களில் இந்தப் புழுவுக்கெதிராக, ரொக்பெல்லரின் நன்கொடையால் 1909 இல் அமைந்த சுகாதார ஆணைக்குழு நடத்திய பெரும் பிரசாரத்தின் அனுபவத்தைக் கொண்டு, ரொக்பெல்லர் ஸ்தாபனத்தார், அந்த முறையை உலகின் உஷ்ண தேசங்களுக்குக் கொண்டுசெல்லத் தீர்மானித்தபோது, கீழ்த்திசை நாடுகளுக்குப் பொறுப்பாக இருந்த டொக்டர் விக்டர் ஹைசர் இலங்கைக்கு வந்து அரசாங்கத்தோடும் தோட்டத்துரைமாரோடும் பேச்சு நடத்தினார். அதன் பயனாக மாத்தளை தேர்ந்தெடுக்கப்பட்டது. டொக்டர் ஸ்னொட்கிராஸ் என்பவரின் பொறுப்பில் வேலை ஆரம்பமாயிற்று. பரிசோதித்த தொழிலாளரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேற்பட்டோர் புழுவைச் சுமந்திருந்தார்கள். மருந்து கொடுப்பது ஒரு பாதி, போதனை மறுபாதி என்பதே அவ்வியக்கத்தின் சித்தாந்தம்: மலசலகூடத்தை உபயோகியுங்கள், வெறுங்காலோடு அசுத்த மண்ணை மிதியாதீர்கள், மருந்தை முழுமையாக உட்கொள்ளுங்கள் என்னும் மூன்று வாக்கியங்களையும் படத்தாலும் பேச்சாலும் ஜனங்களின் மனத்திற் பதியவைத்துவிட்டால், நோய் தானாக விலகும் என்று அவர்கள் நம்பினார்கள். மனிதரின் பழக்கத்தை ஆலோசனையால் மாற்றலாம் என்ற நம்பிக்கையின் மேல், அளவும் கணக்கும் வைத்து, விஞ்ஞான முறையில் இலங்கையில் எடுக்கப்பட்ட முதற் பெரு முயற்சிகளுள் ஒன்றாக இதைக் கொள்ளலாம்.

நடந்தது என்ன? அக்காலத்து மருந்துகளான தைமோலும் செனோபோடியம் எண்ணெயும் குமட்டலையும் மயக்கத்தையும் உண்டாக்குவன. அவற்றைத் தொடர்ந்து பேதியுப்பும் குடிக்கவேண்டும். மருந்து உட்கொண்ட நாளில் மலையேறிக் கொழுந்தெடுக்க இயலாது. வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டாற் கூலி இல்லை. ஒளிந்தவர்களும் மறுத்தவர்களும் இருந்தார்கள் என்பதில் வியப்பில்லை. அதனினும் பெரிய தடை மலசலகூடம். நிலத்தை அசுத்தப்படுத்தாதே என்று போதித்தவர்களால், அதற்கு மாற்றாகப் போவதற்கு ஓரிடத்தைக் காட்ட முடியவில்லை. ஏனெனில் அதைக் கட்டவேண்டிய பொறுப்பு தோட்டத்துக்கு உரியது, தோட்டமோ செலவைக் கண்டு பின்வாங்கிற்று. மருந்து கொடுத்துக் குணமாக்கிய மனிதர், மறுபடியும் அதே ஈரமண்ணில் அதே வெறுங்காலோடு நடந்து, சில மாதங்களுள் அதே புழுவை ஏற்றுக்கொண்டார். போதனையாளர்கள் அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

அந்த நாளின் உத்தியோகபூர்வமான எழுத்துக்கள் பலவும் இத்தோல்விக்குக் காரணம் தொழிலாளரின் அறியாமை என்றே கூறின. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மலசலகூடமில்லாத லயத்தில் இருப்பவரிடம் மலசலகூடத்தின் மகிமையைப் பிரசங்கிப்பதும், செருப்பு வாங்கக் காசில்லாதவரிடம் செருப்பின் அவசியத்தைப் படமாகக் காட்டுவதும், கேட்பவரின் அறிவைச் சோதிப்பன அல்ல. சொல்பவரின் பொறுப்பையே சோதிப்பன. மாத்தளையின் தொழிலாளர், சொன்னதை விளங்கிக்கொள்ளாதவர்கள் அல்லர். விளங்கியதைச் செய்ய வழியில்லாதவர்கள்.

ரொக்பெல்லர் ஸ்தாபனத்தாருக்கே இந்த உண்மை சில வருஷங்களிற் புலப்பட்டது என்பதை அவர்களுக்குப் பெருமையாகச் சொல்லவேண்டும். ஒரு நோயை மட்டும் துரத்திக்கொண்டு ஊர் ஊராக ஓடும் முறையைக் கைவிட்டு, ஒரு சிறு எல்லைக்குள் ஒரு சுகாதார வைத்திய அதிகாரியையும், அவரோடு சுகாதாரப் பரிசோதகரையும் தாதியையும் மருத்துவ மாதுவையும் நிலையாகக் குடியமர்த்தி, அவர்கள் வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய்வரும் ஒரு புதிய அமைப்பை இலங்கை அரசாங்கத்தோடு சேர்ந்து அவர்கள் தொடங்கினார்கள். களுத்துறையில் 1926 இல் நிறுவப்பட்ட அந்தச் சுகாதாரப் பிரிவே, இன்று தீவெங்கும் பரந்து, தாய்சேய் நலத்தில் இலங்கையை ஆசியாவின் முன்வரிசையில் நிறுத்திய அமைப்புக்கு வித்து. மாத்தளையிற் கற்ற பாடமே களுத்துறையில் உருவம் பெற்றது என்று சொன்னால் அது மிகையாகாது. ஒருமுறை வந்து போதித்துப் போகிறவரைக் காட்டிலும், பிள்ளையின் நிறையைப் பார்க்க மாதந்தோறும் வருகிற மருத்துவ மாதுவின் வார்த்தைக்கு வீட்டில் மதிப்பு அதிகம். துரதிர்ஷ்டவசமாக, இந்த நல்ல அமைப்பு தோட்டத்து எல்லைக்குள் முழுமையாக நுழைய மேலும் பல தசாப்தங்கள் சென்றன. தோட்டத்துச் சுகாதாரம் தோட்டத்தின் சொந்தக் காரியமாகவே நெடுங்காலம் தனித்து நின்றது.

இதற்கிடையில் லயத்து அடுப்பிலே மற்றொரு பெரிய மாறுதல் நிகழ்ந்தது. இரண்டாம் மகாயுத்தத்தில், 1942 இல் ஜப்பானியர் ரங்கூனைக் கைப்பற்றியதும் பர்மா அரிசி வருவது நின்றுபோயிற்று. அரிசிப் பங்கீடு சுருங்க, அதன் இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. யுத்தம் முடிந்த பின்னரும், அந்நிய உதவியாகவும் இறக்குமதியாகவும் மலிவில் வந்த கோதுமை மா நிலைத்துவிட்டது. 1980 இல் திருகோணமலையிற் பாரிய மா ஆலை இயங்கத் தொடங்கிய பின்னர், நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் அது நித்திய உணவாயிற்று. விடியற்காலை பிரட்டு என்னும் ஆள்பதிவுக்கு ஓடவேண்டிய ஒரு தாய்க்கு, சோறும் கறியும் ஆக்குவதைவிட ரொட்டி தட்டுவது எளிது. தட்டிய ரொட்டி மத்தியானம் வரை கெடாது. கட்டச் சம்பல் ஒரு கரண்டி இருந்தால் வேறு கறி வேண்டியதில்லை. இதைக் குற்றமாகச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. நேரமும் கூலியும் வகுத்த சமையல் அது. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையான அதே காலப்பகுதியில், உணவுத் தட்டுப்பாட்டினால் தோட்டங்களின் மரண விகிதம் கூர்மையாக உயர்ந்த 1974 ஆம் ஆண்டை அனுபவித்தவர்களுக்கு, வயிறு நிறைக்கும் எந்தப் பண்டமும் தெய்வமாகவே தோன்றியிருக்கும். அந்தத் தலைமுறையார் தம் பிள்ளைகளுக்குச் சீனி நிறையப் போட்ட தேத்தண்ணீரைக் கொடுத்தது செல்லத்தினால் மட்டுமன்று, பட்டினியின் ஞாபகத்தினாலும்கூட.

பட்டினியும் மலிந்த மாவும் சீனியும் அடுத்தடுத்து வந்த சரீரங்களிலே, இன்று வேறொரு நோய் தலையெடுத்திருக்கிறது. 2005-06 காலத்தில் நாட்டின் பெரும்பாலான மாகாணங்களில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, இருபது வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமானோருக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) இருந்ததாகக் கண்டது. தொற்றாத நோய்களாலேயே இந்நாட்டு மரணங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிகழ்கின்றன என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பு. கொளுக்கிப் புழுவுக்கு ஒரு மருந்து இருந்தது. சீனி வருத்தத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பழக்கமே பாதி மருந்து. ஆகையால் 1916 இன் பழைய கேள்வி புதிய வேகத்தோடு திரும்பி வந்திருக்கிறது.

அரசாங்கம் சும்மா இருந்துவிடவில்லை. 2011 முதல் நாடெங்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் திறக்கப்பட்டு, நடுத்தர வயதினரின் நிறை, உயரம், இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், இரத்தச் சீனி ஆகியன அளக்கப்பட்டு, அவரவருக்கேற்ற ஆலோசனை வழங்கப்படுகிறது. 2016 இல் மென்பானப் போத்தல்களிற் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை வர்ணங்களாற் குறிக்கவேண்டுமென விதி வந்தது. இவை மெச்சத்தக்கவை. ஆயினும் நிலையங்களுக்கு ஆண்கள் போவது மிகக் குறைவு என்பது நாடெங்கும் கண்ட அனுபவம். அன்றாடக் கூலிக்காரர் ஒருவர் நோயில்லாத நாளில், நோயில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொள்வதற்காக ஒரு நாட் கூலியை இழந்து வரிசையில் நிற்பாரென எதிர்பார்க்க முடியாது. மாத்தளை மாவட்டத்தில் இந்தத் தடை இன்னும் பெரிது. றத்தோட்டைக்கும் அப்பால் கம்மடுவை மலையிலிருந்தோ, எல்கடுவைச் சரிவிலிருந்தோ, லக்கல பிரதேசத்து மலைக் கிராமங்களிலிருந்தோ மாத்தளைப் பெரியாஸ்பத்திரிக்கு வந்துபோவதென்றால் பஸ்ஸுக்குக் காத்திருப்பதிலேயே அரைநாள் கழியும்.

இணைய வழி ஆலோசனை இந்த இடத்திலேதான் மெய்யான பயனைத் தரக்கூடும். அதன் வரலாறு குறுகியதே எனினும் ஆராயத்தக்கது. 2001 இல் அமெரிக்காவிலே டெபோரா டேட் என்னும் ஆய்வாளரும் அவர் சகாக்களும் வெளியிட்ட பரிசோதனையில், உடல் நிறையைக் குறைக்க விரும்பியோர் இரு பிரிவாக வகுக்கப்பட்டனர். இரு பிரிவாருக்கும் இணையத்தில் அடிப்படைத் தகவல்கள் கிடைத்தன. ஒரு பிரிவாருக்கு மாத்திரம் வாரந்தோறும் மின்னஞ்சலிற் பாடங்கள் வந்தன; அவர்கள் எழுதியனுப்பிய உணவுக் குறிப்பையும் அப்பியாசக் குறிப்பையும் வாசித்து, ஓர் ஆலோசகர் வாரந்தோறும் பதிலும் எழுதினார். ஆறு மாத முடிவில் தகவல் மட்டும் பெற்றோர் சராசரி 1.6 கிலோ இழந்திருக்க, பாடமும் பதிலும் பெற்றோர் 4.1 கிலோ இழந்திருந்தனர். சீனி வருத்தம் வரக்கூடிய நிலையில் இருந்தோரிடையே அதே ஆய்வாளர் நடத்தி 2003 இல் வெளியிட்ட இரண்டாம் பரிசோதனையிலும், ஒரு வருஷ முடிவில் இழப்பு 2 கிலோவாகவும் 4.4 கிலோவாகவும் பிரிந்தது. இந்த இரண்டாம் பரிசோதனையில் இரு தரப்பாரின் கையிலும் இருந்த அடிப்படைத் திட்டம் ஒன்றே. தன் எழுத்தை ஒருவர் வாசிக்கிறார், தனக்கு அவர் பதில் எழுதுவார் என்னும் நிச்சயம் அவ்வித்தியாசத்துக்கு ஒரு காரணமாயிருக்கலாம்.

நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் சென்னையிற் பிறந்தது. டொக்டர் அ. ராமச்சந்திரனும் அவர் குழுவினரும், சீனி வருத்தத்தின் விளிம்பில் நின்ற 537 இந்திய ஆண்களை, முப்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதுடைய உழைப்பாளரை, இரண்டு வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு பகுதியாருக்கு உணவையும் நடையையும் பற்றிய குறுஞ்செய்திகள் கைத்தொலைபேசிக்கு ஒழுங்காகச் சென்றன. மறு பகுதியாருக்கு ஆரம்பத்தில் வழக்கமான அறிவுரை மாத்திரம் வழங்கப்பட்டது. 2013 இல் வெளியான முடிவின்படி, அறிவுரையோடு நின்றவர்களில் நூற்றுக்கு 27 பேரும், செய்தி பெற்றவர்களில் நூற்றுக்கு 18 பேரும் சீனி வருத்தத்துக்கு ஆளானார்கள். வேலைக்குப் போகும் ஆண்களிடமே இந்தப் பலன் கிடைத்தது என்பது நாம் விசேஷமாகக் கவனிக்கவேண்டியது.

இலங்கையிலும் வழி திறந்திருக்கிறது. சுகாதார அமைச்சின் 1999 என்னும் இலக்கத்துக்கு மூன்று மொழிகளிலும் அழைத்து விளக்கம் கேட்கலாம். 2020 ஆம் ஆண்டு கொவிட் கொள்ளைநோயின்போது ஊரடங்கு நிலவிய வாரங்களில், கிளினிக் நோயாளரின் மருந்துகளைத் தபாற்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்ததும், வைத்தியர்கள் தொலைபேசியிலும் காணொளியிலும் நோயாளரோடு பேசியதும், வைத்தியமும் ஆலோசனையும் மனிதரைத் தேடி மலையேறி வரமுடியும் என்பதை யாவருக்கும் காட்டின.

ஆனால் மாத்தளைக்கு வரும் ஆலோசகர் முதலில் அறிந்திருக்கவேண்டிய விஷயங்கள் சில உண்டு. நாளொன்றுக்குப் பதினெட்டு கிலோ கொழுந்தைப் பறித்து, அந்தப் பாரத்தோடு செங்குத்தான மலையில் ஏறி இறங்கும் பெண்ணிடம் வாரத்துக்கு நூற்றைம்பது நிமிஷம் நடக்கும்படி சொல்வது, அவளுடைய வாழ்க்கையை ஆலோசகர் காணவில்லை என்பதையே அவளுக்கு உணர்த்தும். அவளுக்கு வேண்டியது இரும்புச் சத்தும் ஓய்வும். அதே பெண் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும், மலையேறிய காலத்துப் பசிக்கேற்ற அளவிலேயே ரொட்டியும் சோறும் உண்டு, லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கத் தொடங்கும்போதுதான் நடையைப் பற்றிய அறிவுரைக்குப் பொருள் உண்டாகிறது. அவளுடைய மகன் தம்புள்ளையிலோ கொழும்பிலோ கடையில் நின்று, இரவிற் கொத்து ரொட்டியும் சோடாவும் உண்டு வாழ்பவர். அவருக்குச் சொல்லவேண்டிய வார்த்தைகள் வேறு. இந்த மூன்று நிலைகளும் ஒரே காம்பராவுக்குள் உள்ளவை. மூன்றுக்கும் ஒரே அச்சடித்த செய்தியை அனுப்பினால் 1916 இன் படக்காட்சிக்கும் இதற்கும் யாதொரு பேதமும் இல்லை.

உணவைப் பற்றிப் பேசும்போதும், கிடைக்காத பண்டங்களின் பெயரை அடுக்குவதாற் பயனில்லை. இந்த மாவட்டத்தின் வடபாகத்திலே, தீவின் மரக்கறி வியாபாரத்துக்கு மையமாக விளங்கும் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் இருக்கிறது; அதைச் சூழ்ந்த சேனைகளிற் குரக்கன் என்னும் கேழ்வரகு விளைகிறது. மலையில் உள்ளோரின் பாட்டனார் ஊரிலே களியாகக் கிண்டி உண்ட தானியமும் அதுவே. கோதுமை மாவோடு பாதிக்குப் பாதி குரக்கன் மாவைச் சேர்த்து ரொட்டி தட்டுவதும், சம்பலோடு ஒரு கைப்பிடி முருங்கையிலையோ பொன்னாங்காணியோ வல்லாரையோ வறுப்பதும், தேத்தண்ணீரின் சீனியை மாதத்துக்கொரு தரம் அரைக் கரண்டி குறைப்பதும், லயத்து அடுப்பிலே நடக்கக்கூடிய காரியங்கள். இவற்றைச் சொல்லுபவர் அந்த அடுப்பைக் கண்டவராக இருக்கவேண்டும்.

ஆதலால், மாத்தளைத் தோட்டங்களுக்கு இணைய வழி ஆலோசனையைக் கொண்டுவர எண்ணும் சுகாதார அதிகாரிகளுக்கும் தோட்டக் கம்பெனிகளுக்கும், 1992 முதல் தோட்டச் சமூக நலனில் ஈடுபட்டுவரும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தாருக்கும் என் விண்ணப்பம் இது. அழைப்பை எடுப்பவர் மலையகத்துத் தமிழைச் சரளமாகப் பேசுபவராக இருக்கட்டும். ஒருவருக்கு ஓர் ஆலோசகர் என்று நியமித்து, அவரே வாரந்தோறும் திரும்ப அழைக்கட்டும். அழைப்பு நேரம், பிரட்டும் கொழுந்து நிறுவையும் முடிந்து குடும்பம் கூடியிருக்கும் மாலை வேளையாகட்டும். தொலைபேசி இல்லாதவர்களுக்கும், அலைவரிசை எட்டாத மலைகளுக்கும், பிள்ளை மடுவத்திலே ஒரு பொதுக் கருவியை வைத்து, தோட்டத்து மருத்துவ மாது அருகிலிருந்து உதவட்டும். ஆலோசனை சொல்லும் அதே கையோடு, வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு துண்டு நிலத்தையும், ஒழுங்கான குடிநீரையும், கிளினிக் நாளுக்குக் குறையாத பேரையும் தோட்ட நிர்வாகம் உறுதிசெய்யட்டும். இவை செய்யப்படாவிட்டால், கருவிகளை வாங்குவதற்கு முன்னரே அந்தப் பணத்தை நிறுத்தி, கட்டப்படாமலிருக்கும் மலசலகூடங்களைக் கட்டி முடிப்பது மேல்.